ஹேண்ட்பாலுக்கு அப்பன் பராசியா, பாலி ஃபார்மரா?

கேள்வி (ஒரு வாசகர்): ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் 1970 கிராண்ட் ஃபைனலில், அதாவது இறுதி ஆட்டத்தில், இடைவேளையின்போது கார்ல்டன் அணி 44 புள்ளி பின்னால் கிடந்தது. பயிற்சியாளர் ரான் பராசி, ஹேண்ட்பால் செய்துகொண்டே ஓடுங்கள் என்று தன் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார். காலிங்வுட்டை 10 புள்ளியில் கவிழ்த்தார்கள். இன்றைய ஆட்டம் பிறந்தது அன்றுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெர்த்காரர்கள் மட்டும் எதற்கெடுத்தாலும் பாலி ஃபார்மர் என்கிறீர்களே, அது வெறும் ஊர்ப்பாசம்தானே?

2024 ஜூன் 3

ஊர்ப்பாசம் உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்து நாங்கள் பேசவில்லை.

பாலி என்று எல்லாரும் கூப்பிடும் கிரஹாம் ஃபார்மர் 1962இல் பெர்த்திலிருந்து விக்டோரியாவின் ஜீலாங் அணிக்குப் போனார். பராசி 1964 வரை மெல்போர்ன் அணியின் தலைவர், 1965 முதல் கார்ல்டனில் ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் அவரே. ஃபார்மர் ஜீலாங்கில் ஆடிய காலம் முழுக்க, எதிரணியில் இருந்து அவரைப் பார்த்தவர் பராசி. 1970இல் 1,21,696 பேர் முன்னால் ஒரு அணியே அதைச் செய்து காட்டியது. அப்படிச் செய்ய வைத்த துணிச்சல் பராசியுடையது, அதை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் ஹேண்ட்பாலைத் தற்காப்பிலிருந்து தாக்குதலுக்குக் கொண்டுவந்த ஆள் அதற்குப் பதினைந்து வருடம் முன்பே பெர்த்தின் ஈஸ்ட் பெர்த் அணியில் ஆடிக்கொண்டிருந்தார்.

இந்த ஆட்டம் பார்க்காதவர்களுக்காக: பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து. பந்தை எறியக் கூடாது. உதைக்கலாம், இல்லையென்றால் ஒரு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மறுகையின் முஷ்டியால் குத்தித் தள்ளலாம். அந்தக் குத்துதான் ஹேண்ட்பால். ஃபார்மருக்கு முந்தைய காலத்தில் அதை எப்போது செய்வார்கள்? ஆள் மேலே விழுந்து அமுக்கி, உதைக்க வழியே இல்லாதபோது. நல்ல ஆட்டக்காரன் உதைப்பான், மாட்டிக்கொண்டவன் குத்துவான் என்பதுதான் நினைப்பு.

ஃபார்மர் மாட்டிக்கொள்ளாதபோதும் குத்தினார். ஓடி வருகிற சக ஆட்டக்காரர் நிற்கவே வேண்டியதில்லை. அவர் மார்புக்கு நேரே, அவருக்கு இரண்டு எட்டு முன்னால், பந்து போய் நிற்கும். உதைப்பதைவிடக் குறி தப்பாது, நேரமும் மிச்சம்.

2024 ஜூன் 4

எண்களைக் கேட்டிருந்தீர்கள். ஈஸ்ட் பெர்த்துக்கு 176 ஆட்டம் (1953–61), ஜீலாங்குக்கு 101 (1962–67), வெஸ்ட் பெர்த்துக்கு 79 (1968–71). மொத்தம் 356. மாநிலத்துக்கு ஆடியது தனி. கோப்பைகள் ஆறு: ஈஸ்ட் பெர்த்தில் 1956, 1958, 1959, ஜீலாங்கில் 1963, வெஸ்ட் பெர்த்தில் 1969, 1971.

மூன்று கிளப்பிலும் கோப்பை. அதிலும் கடைசி இரண்டு, வெஸ்ட் பெர்த்தின் தலைவராகவும் பயிற்சியாளராகவும் இருந்து வாங்கியவை. இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் தோற்றது அவருடைய பழைய ஈஸ்ட் பெர்த்.

2024 ஜூன் 8

இன்று லீடர்வில் ஓவலில் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். வேலியோரம் பக்கத்தில் நின்றவர் எண்பதைத் தாண்டிய பெரியவர். சிறுவனாக இருந்தபோது பெர்த் ஓவலில், அதாவது ஈஸ்ட் பெர்த்தின் பழைய மைதானத்தில், ஃபார்மரைப் பார்த்திருக்கிறார். பெயரைச் சொன்னதுமே கையிலிருந்த ஆட்ட அட்டவணைப் புத்தகத்தைச் சுருட்டிப் பந்தாக்கிக்கொண்டார்.

இடது உள்ளங்கையில் வைத்தார். வலது முஷ்டியை இடுப்புக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, கீழிருந்து மேலே தூக்காமல், நேராகக் கொண்டுபோய்க் குத்தினார். மற்றவர்கள் அடித்தால் பந்து மேலே எழும்பி மிதந்து போகுமாம். ஃபார்மர் அடித்தால் வளையாமல் ஒரே மட்டத்தில் போகுமாம். அதை அவர் மூன்று நான்கு தடவை செய்து காட்டினார், முன்னால் ஆட்டம் நடக்கிறது என்பதையே மறந்துவிட்டு.

என் மகள் சிறுவர் பயிற்சியான ஆஸ்கிக்கில் ஹேண்ட்பால் பழகிய காலத்தை நினைத்துக்கொண்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது கட்டைவிரலைப் பற்றித்தான். முஷ்டிக்கு உள்ளே வைத்தால் விரல் போச்சு, வெளியே வை. அடுத்தது, பந்து வைத்திருக்கும் கை அசையக் கூடாது, அசைந்தால் அது எறிதல் என்று நடுவர் ஊதிவிடுவார். மூன்றாவதாக, குத்துகிற கைக்கு எதிர்க்கால் முன்னால் போக வேண்டும். மூன்றும் சேர்ந்து வர ஒரு சீசனே ஆகிறது. அந்த மூன்றையும் அந்தரத்தில், தோளில் இன்னொரு ஆள் தொங்கிக்கொண்டிருக்க, தரையில் கால் படாமல் செய்தவர் ஃபார்மர். எதிர்க்காலை முன்வைக்கத் தரையே கிடையாது. இதை யோசித்துப் பார்க்காமல் அவர் அருமை விளங்காது.

2024 ஜூன் 9

அந்தரத்தில் எப்படி என்று கேட்டவருக்கு.

ஃபார்மர் ஆடிய இடம் ரக். அவர் காலத்தில் நடுவில் நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து மேலே எழுப்புவார். இரண்டு நெட்டை ஆட்கள் எதிரெதிரே ஓடிவந்து எம்புவார்கள். பந்தைத் தட்டிக் கீழே நிற்கும் தன் அணியின் குட்டை ஆளுக்கு, அதாவது ரோவருக்கு, இறக்கிக் கொடுப்பது ரக்காரர் வேலை. பெரும்பாலும் எங்கேயோ தட்டிவிட்டுக் கீழே விழுவார்கள். கும்பலில் யார் கைக்குக் கிடைத்ததோ அவர்கள் பாடு.

ஃபார்மர் இரண்டு விஷயத்தை மாற்றினார். ஒன்று, எதிராளிக்கு முன்பே எம்பினார். முன்னால் எம்பினால் முன்னால் கீழே வர வேண்டுமே? வரமாட்டார். எதிராளியின் உடம்பிலேயே சாய்ந்து, அவர் எழும்பும் வேகத்தில் தானும் மேலே நிற்பார். இரண்டாவது, முடிந்தபோதெல்லாம் தட்டுவதற்குப் பதிலாகப் பந்தைப் பிடித்தே விடுவார். பிடித்த பந்தைத் தரையில் இறங்குவதற்குள் ஹேண்ட்பாலாக அனுப்பியும் விடுவார். வாலிபாலில் நல்ல செட்டர் எப்படி அடிப்பவர் எங்கே இருப்பார் என்று பார்க்காமலே பந்தை வைக்கிறாரோ, அப்படி.

ஜீலாங்கில் அந்தப் பந்தை வாங்கியவர் பில் காகின் என்ற ரோவர். இருவரும் சேர்ந்த பிறகு 1963இல் ஜீலாங் ஹாதார்னை 49 புள்ளியில் ஜெயித்துக் கோப்பை வாங்கியது. அதற்கு அடுத்த கோப்பை அந்த ஊருக்கு 2007இல்தான் வந்தது, 44 வருடம் கழித்து.

அவர் உயரம் 191 சென்டிமீட்டர். இன்றைய ரக்காரர்களில் இரண்டு மீட்டரைத் தாண்டியவர்கள் சாதாரணம். அவர் காலத்திலும் எல்லாரையும்விட நெட்டை என்று சொல்ல முடியாது. போதாததற்குச் சிறுவயது போலியோவால் ஒரு கால் மற்றதைவிடக் கட்டை.

2024 ஜூன் 10

கார் ஜன்னல் கதை உண்மையா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கார் விற்கும் இடத்தில் வேலை பார்த்தபோது, நிறுத்தியிருக்கும் கார்களின் திறந்த ஜன்னல் வழியாகப் பந்தைக் குத்திப் பழகினார் என்பது ஜீலாங்கில் எல்லாரும் சொல்லும் கதை. நான் நம்புகிறேன். அந்த மட்டமான, வளையாத பந்து சும்மா வந்துவிடாது. ஜன்னல் அளவுக்குள் போக வேண்டுமென்றால் பந்து எழும்பவும் கூடாது, தாழவும் கூடாது.

அவர் ஜீலாங்கில் ஆடிய முதல் ஆட்டமே கார்ல்டனுக்கு எதிராகத்தான். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடத்தில் முழங்கால் போய்விட்டது. அந்த சீசன் முழுக்க 6 ஆட்டம்தான். அடுத்த சீசனில் கோப்பை, ஜீலாங்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1964இலும் அதே விருது அவருக்கே.

2024 ஜூன் 15

"அவரை யாருமே அடக்கவில்லையா?" நல்ல கேள்வி, நேர்மையான பதில்: அடக்கியிருக்கிறார்கள்.

1956 முதல் 1961 வரை ஆறு வருடமும் ஈஸ்ட் பெர்த் இறுதி ஆட்டத்துக்குப் போனது. மூன்றில் ஜெயித்தது, மூன்றில் தோற்றது. 1961இல் எதிரே வந்தது ஸ்வான் டிஸ்ட்ரிக்ட்ஸ், முந்தைய வருடம் கடைசி இடத்தில் இருந்த அணி. அதன் பயிற்சியாளர் ஹேடன் பன்டன் ஜூனியர் ஃபார்மரைத் தடுப்பதற்கென்றே திட்டம் போட்டார். கீத் ஸ்லேட்டர், ஃப்ரெட் காசில்டைன் என்ற இரண்டு ரக்காரர்கள் மாறி மாறி அவரை மறித்தார்கள். எம்புவதற்கு முந்தைய அந்த ஓட்டத்தையே தடுத்துவிட்டால் அவருக்கு உயரம் கிடைக்காது என்பது கணக்கு. பலித்தது. ஆட்ட நாயகனுக்கான சிம்ப்சன் மெடல் ஸ்லேட்டருக்குப் போனது.

கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு கொசுறு: இதே கீத் ஸ்லேட்டர் 1959இல் இங்கிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலியாவுக்கு ஒரு டெஸ்ட் ஆடியிருக்கிறார்.

ஒருவரை மறிக்க ஒரு பயிற்சியாளர் ஒரு இறுதி ஆட்டத்தையே அவரைச் சுற்றித் திட்டமிட வேண்டியிருந்தது என்றால், அந்தத் தோல்வியையும் நான் ஃபார்மர் கணக்கில்தான் எழுதுவேன்.

2024 ஜூன் 16

சேர்த்துப் படிக்க: ஃபார்மரைப் போலவே பழங்குடியினரான சிட் ஜாக்சன் ஈஸ்ட் பெர்த்திலிருந்து 1969இல் கார்ல்டனுக்குப் போனார். நீங்கள் சொல்லும் 1970 இறுதி ஆட்டத்தில் கார்ல்டன் பக்கம் அவரும் ஆடினார். பந்து பெர்த்திலிருந்துதான் போயிருக்கிறது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

2024 ஜூன் 22

ஆட்டத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆளைப் பற்றி எழுதவில்லை என்று ஒருவர் சொன்னது சரி.

பிறந்தது 1935 மார்ச் 10. தாய் நூங்கார் இனத்தவர். நடை பழகும் வயதிலேயே பெர்த் குயின்ஸ் பார்க்கில் இருந்த சிஸ்டர் கேட் இல்லத்தில் விடப்பட்டார். கேட் கிளட்டர்பக் என்ற ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரி 1933இல் தொடங்கிய இல்லம் அது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அப்போது பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி காப்பாளர் பெற்ற தாய் இல்லை, அரசு அதிகாரி. ஏ. ஓ. நெவில் என்ற அந்த அதிகாரி, கலப்பில் பிறந்த, நிறம் வெளுத்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வெள்ளையர் சமூகத்தில் கரைத்துவிட வேண்டும் என்ற கொள்கையை வைத்திருந்தார். சிஸ்டர் கேட் இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் அப்படிப் பொறுக்கி எடுக்கப்பட்ட வெளுத்த நிறப் பிள்ளைகள்.

ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான் என்று கிளிக்கு வைக்கும் பெயரான பாலியை இவருக்கு வைத்தது அங்கேதான். வளர்ந்த பிறகு கூட்டத்தில் வாயே திறக்காத மனிதராகிவிட்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தன்னை வளர்த்த இல்லத்தைப் பற்றி ஃபார்மர் நன்றியோடுதான் பேசினார். அதே இல்லத்தில் வளர்ந்த மற்றவர்களில் பலர் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள், தாயைத் தேடியே ஆயுள் கழிந்தவர்கள் உண்டு. ஃபார்மர் நன்றி சொன்னார் என்பதை எடுத்துக்காட்டி அந்தக் கொள்கைக்கு வக்காலத்து வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், கேட்கவே எரிச்சலாக இருக்கும். ஒரு பிள்ளை பிழைத்து மேலே வந்ததற்காக, பிரித்தது நியாயமாகிவிடாது.

அந்த இல்லத்திலிருந்து ஈஸ்ட் பெர்த்துக்கு ஃபார்மர் மட்டும் போகவில்லை. டெட் கில்மரியும் அங்கே வளர்ந்தவர்தான். விரல் நுனியாலும் உள்ளங்கையாலும் பந்தைச் சுண்டிவிடும் ஃப்ளிக் பாஸ் அவருடையது, பிற்பாடு அதைத் தடை செய்தார்கள். பந்தை உதைக்காமல் கையால் எப்படி அனுப்பலாம் என்று யோசித்த இரண்டு பேர் ஒரே இல்லத்திலிருந்து, ஒரே அணிக்கு. தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்த இல்லத்து முற்றத்தில் அந்தப் பிள்ளைகள் எப்படி விளையாடினார்கள் என்று தெரிந்தால் இந்த இழையின் முதல் கேள்விக்கு இன்னும் பழைய பதில் ஒன்று கிடைக்கும் என்றே தோன்றுகிறது.

2024 ஜூன் 23

முந்தைய குறிப்பை மறுபடி படித்தபோது விட்டுப்போனது ஒன்று. 1967 மே மாதம் ஆஸ்திரேலியாவில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் தொகைக் கணக்கில் பழங்குடியினரைச் சேர்க்கக் கூடாது என்றிருந்த அரசியல் சட்டப் பிரிவை நீக்க 90 சதவீதத்துக்கு மேல் ஆம் என்றார்கள். அதே வருடம் செப்டம்பரில் ஃபார்மர் ஜீலாங்கின் தலைவராகக் கிராண்ட் ஃபைனல் ஆடினார். ரிச்மண்டிடம் 9 புள்ளியில் தோற்றார்கள். ஜீலாங்குக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டம். பெர்த்திலும் ஜீலாங்கிலும் பத்து வருடத்துக்கு மேல் மக்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மனிதர் இவர். இத்தனை காலமும் அந்தப் பிரிவு சட்டத்தில் இருந்தது. இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

2024 ஜூலை 1

விக்டோரியா லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ மெடல் வாங்காதவர் எப்படி எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் ஆவார் என்று ஒருவர் கேட்கிறார். 1963இல் பாப் ஸ்கில்டனுக்குப் பின்னால் வந்தார், அவ்வளவுதான். பெர்த் லீக்கில் அதற்கு இணையான சாண்டோவர் மெடல் 1956, 1960 இரண்டும் அவருடையது.

1957 ஒரு தனிக்கதை. ஃபார்மருக்கும் ஈஸ்ட் ஃப்ரீமாண்டிலின் ஜாக் கிளார்க்குக்கும் சம வாக்கு. அக்கால விதிப்படி முதல் வாக்குகளை எண்ணிக் கிளார்க்குக்குக் கொடுத்தார்கள். 1997இல் அப்படிச் சம வாக்கில் இழந்தவர்களுக்கெல்லாம் மெடல் தருவதென்று முடிவானது. நாற்பது வருடம் கழித்து மூன்றாவது சாண்டோவர் கைக்கு வந்தது.

மெடலை வைத்து அளப்பது எனக்குப் பிடிக்காது. கேட்டதால் சொல்கிறேன்: 1996இல் தேசிய லீக் நூற்றாண்டு அணியைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ரக் இடம் அவருக்கு. விக்டோரியாவில் ஆறே சீசன், 101 ஆட்டம் ஆடியவருக்கு. அதே வருடம் ஹால் ஆஃப் ஃபேமில் முதல் வரிசை லெஜெண்டுகளில் ஒருவர். 2005இல் பழங்குடியினர் நூற்றாண்டு அணிக்குத் தலைவர்.

2024 ஜூலை 2

பயிற்சியாளராக? ஜீலாங்கில் 1973 முதல் 1975 வரை. விக்டோரியா லீக்கின் முதல் பழங்குடிப் பயிற்சியாளர். முடிவுகள் சுமார். பிறகு ஈஸ்ட் பெர்த்தில் இரண்டு சீசன்.

ஆனால் 1977 அக்டோபர் 8ஐ விட முடியாது. அதுவரை மாநில ஆட்டங்களில், எந்த மாநில லீக்கில் ஆடுகிறாயோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆட வேண்டும். பணம் கொடுத்து நல்ல ஆட்களையெல்லாம் விக்டோரியா கிளப்புகள் வாங்கிவிடும். அப்புறம் அதே ஆட்கள் விக்டோரியா சட்டையில் வந்து சொந்த ஊரையே அடிப்பார்கள். அந்த வருடம் ஜூனிலும் மேற்கு ஆஸ்திரேலியா 63 புள்ளியில் தோற்றிருந்தது. அக்டோபரில் பிறந்த ஊர்க் கணக்குப்படி முதல் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின். சுபியாகோவில் ஃபார்மர் பயிற்சியில் மேற்கு ஆஸ்திரேலியா 94 புள்ளியில் ஜெயித்தது: 151க்கு 57.

ஃபார்மரே விக்டோரியா சட்டை போட்டு மாநில ஆட்டம் ஆடியவர். அந்த விதி என்னவென்று அவருக்கு உடம்பிலேயே தெரியும்.

2024 ஜூலை 13

பெர்த்தில் அவர் பெயர் வைத்த சாலை எது என்று கேட்டவருக்கு: கிரஹாம் ஃபார்மர் ஃப்ரீவே. 2000இல் திறந்தார்கள். நார்த்பிரிட்ஜுக்குக் கீழே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம், ஊர்க்காரர்கள் வாயில் அது பாலி பைப். வேலைக்குப் போக வர நான் போகும் வழி. ரேடியோவில் காலையில் பாலி பைப்பில் நெரிசல் என்று சொல்கிறார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று என்னோடு வேலை பார்க்கும் இளைஞர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

1994இல் தொடங்கிய பாலி ஃபார்மர் அறக்கட்டளையைச் சாலையைவிடப் பெரியதாக நினைக்கிறேன். பழங்குடி மாணவர்கள் பள்ளிப் படிப்பைப் பாதியில் விடாமல் முடிப்பதற்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு பாடம், வழிகாட்டல் என்று செய்கிறார்கள். ஆட்டக்காரர் பெயரில் இருந்தாலும் அதன் வேலை படிப்பு. ஃபுட்பாலில் வல்லவர்கள் நம் பிள்ளைகள் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டாயிற்று, படிப்பிலும் அது தெரிய வேண்டும் என்ற யோசனையில் பிறந்தது.

2024 ஆகஸ்ட் 14

இன்றோடு அவர் போய் ஐந்து வருடம். 2019 ஆகஸ்ட் 14, வயது 84.

இதைப் பற்றி எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிப் பல வருடங்கள் அவருக்கு அல்சைமர் என்றே சொல்லி வந்தார்கள். இறந்த பிறகு குடும்பத்தார் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். சிட்னியில் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் 2018இல் தொடங்கிய ஆஸ்திரேலிய விளையாட்டு மூளை வங்கி அதைச் சோதித்தது. 2020 பிப்ரவரியில் முடிவு வெளியானது: சிடிஈ, நான்கு நிலையில் மூன்றாவது. தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களின் மூளையில் டௌ என்ற புரதம் சின்ன ரத்தக் குழாய்களைச் சுற்றி முடிச்சுப் போட்டுத் தேங்கும் நோய். உயிரோடு இருக்கும்போது உறுதி செய்ய முடியாது, மூளையை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஆட்டத்தின் பெரிய லீக்கில் ஆடியவர்களில் அது உறுதியான முதல் ஆள் பாலி ஃபார்மர்.

ரக்கைப் பற்றி மேலே நான் ரசித்து எழுதியதை இப்போது திரும்பிப் படியுங்கள். 356 ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனை தடவை ஓடிவந்து எம்பி, இன்னொரு நெட்டை ஆளின் முழங்கையும் தோளும் தலையில் இடித்திருக்கும். முன்னால் எம்பி, எதிராளி மேல் சாய்ந்து நின்ற அந்த அழகில் எத்தனை இடி ஒளிந்திருக்கும். அந்தக் காலத்தில் தலையில் அடிபட்டு மயங்கினால் முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பி மறுபடி இறக்கிவிடுவதுதான் வழக்கம். அதற்காகக் கைதட்டவும் செய்தார்கள்.

அவருக்குப் பிறகு டேனி ஃப்ராலி, ஷேன் டக் இருவரின் மூளையிலும் அதே நோய் உறுதியானது. 2023இல் அடிலெய்டு பெண்கள் அணியில் ஆடிய ஹெதர் ஆண்டர்சன். தொழில்முறை விளையாட்டுப் பெண்களில் உலகிலேயே முதல் முடிவு அது. அவருக்கு வயது 28.

ஃபார்மர் குடும்பம் சரி என்று சொல்லாமலிருந்தால் இந்த வரிசை எப்போது தொடங்கியிருக்கும்? மாநிலமே கொண்டாடிய பெயர் அது. அந்தப் பெயரோடு முடிவு வெளிவந்தபோது, லீக்குக்கு அதைக் கண்டும் காணாமல் போக வழியில்லை. ஹேண்ட்பாலையும் இதையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று நேற்றிரவு முழுக்க யோசித்தேன். வைக்கலாம். இதை இன்னும் கொஞ்சம் மேலேயே வைப்பேன்.

2024 ஆகஸ்ட் 15

"அப்படியென்றால் பிள்ளைகளை ஆட விடக் கூடாது அல்லவா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். என் மகள் இப்போதும் ஆடுகிறாள். அவளை நிறுத்தச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நான் பார்ப்பது வேறு. லீக் ஆட்டக்காரர் மூளை அதிர்ச்சி அடைந்தால் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது. ஊர் அளவில் ஆடும் கிளப்புகளுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த வருடம் முதல் குறைந்தது 21 நாள் என்று ஆக்கியிருக்கிறார்கள். சோதித்துப் பார்க்க மருத்துவர் பக்கத்தில் இல்லாத இடத்துக்கு அதிக நாள் வைத்தது சரியான முடிவு.

போன மாதம் எங்கள் பக்கத்து அணியில் ஒரு சிறுமி பந்தைப் பிடிக்க எம்பிக் கீழே விழுந்து தலையைத் தரையில் இடித்துக்கொண்டாள். எழுந்து நின்றாள், சிரித்தாள், பெயர் சொன்னாள். எந்தப் பக்கம் கோல் அடிக்க வேண்டும் என்று கேட்டதற்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பயிற்சியாளர் ஒரு வார்த்தை பேசாமல் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்தடுத்த வாரங்களில் அரையிறுதி நெருங்கியபோது, பிள்ளைக்குத்தான் ஒன்றுமில்லையே, இறக்கலாமே என்று பெற்றோர் சிலர் முணுமுணுத்தார்கள். அவர் மசியவில்லை. நான் அவர் பக்கம் நின்று, ஃபார்மர் மூளையில் என்ன கண்டார்கள் என்பதை அங்கேயே சொன்னேன். பேச்சு நின்றது.

2024 ஆகஸ்ட் 17

இழையைத் தொடங்கியவர் இப்போது, சரி, பராசி பாதி, ஃபார்மர் பாதி என்று சமரசத்துக்கு வந்திருக்கிறார். நான் வரவில்லை. பராசி ஒரு அரை ஆட்டத்துக்கு ஹேண்ட்பாலை அணிக்குக் கட்டளையாக்கினார், அது பெரிய காரியம். ஃபார்மர் 1953இலிருந்து 1971 வரை மூன்று கிளப்பில், இரண்டு மாநிலத்தில், எதிரணிகள் திட்டம் போட்டு மறித்தும், முழங்கால் போயும், அதையே செய்தார். 1971இல் கடைசி ஆட்டம் ஆடினார், அந்த வருடமே எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரச பட்டம் வந்தது. அரசு மரியாதை பெற்ற முதல் ஆஸ்திரேலிய ஃபுட்பால்காரர். பாதியெல்லாம் முடியாது.